தகரப் பெட்டியும் சுவடிக்கூடமும்

லிந்துலையைச் சுற்றியுள்ள தோட்டங்களிலே, பழைய லயக் காம்பராக்கள் பலவற்றில் ஒரு தகரப் பெட்டி உண்டு. விசேட நாட்களில் உடுக்கும் சேலைக்கும் வேட்டிக்கும் அடியில், துணியிற் சுற்றிய சிறு கட்டொன்று அதனுள்ளே கிடக்கும். அதனை அவிழ்த்தால், திருச்சி மாவட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து என்றோ வந்த கடிதம், மங்கிப்போன கலியாணப் படம், பாட்டனாரின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், மூலை மடிந்த கடவுச்சீட்டு என்பன வெளிவரும். கடையிலே கொடுத்தால் இவற்றுக்கு ஒரு சதமும் கிடையாது. ஆயினும், இத்தகைய பொருள்களைப் பேணுவதற்கென்றே உலகின் பெரும் பல்கலைக்கழகங்கள் தனிக் கூடங்களையும், பயிற்சி பெற்ற காப்பாளர்களையும் வைத்திருக்கின்றன. அக்கூடங்களே சுவடிக்கூடங்கள் எனப்படுவன.

நூலகத்துக்கும் சுவடிக்கூடத்துக்கும் உள்ள வேறுபாடு யாது? நூலகத்திலுள்ள அச்சுநூல் ஒன்று தொலைந்தால், பெரும்பாலும் அதன் பிறிதொரு படியை வேறோரிடத்திற் பெறலாம். ஒரு தாய் தன் மகனுக்கு எழுதிய கடிதமோ உலகில் ஒன்றே ஒன்றுதான். அது போனால் போனதுதான். ஆகவே சுவடிக்கூடத்தார் பொருளை மட்டும் காப்பதில்லை. அது யாரிடமிருந்து வந்தது, எந்தக் கட்டில், எந்த வரிசையில் இருந்தது என்பவற்றையும் குறித்து வைக்கின்றனர். தனியே எடுத்த கடிதம் ஒரு செய்தியைச் சொல்லும். அது இருந்த கட்டு முழுவதும் சேர்ந்து ஒரு வாழ்க்கையைச் சொல்லும்.

மலையகத்தைப் பற்றிய சுவடிகள் பல கடல் கடந்து இருக்கின்றன. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 1964ஆம் ஆண்டு தென்னாசிய ஆய்வு நிலையம் நிறுவப்பட்டது. ஆட்சி முடிந்து தாயகம் திரும்பிய பிரித்தானியர் முதுமையடைந்து வருவதையும், அவர்தம் வீடுகளிற் கிடந்த கடிதங்கள் அவர்களோடு அழிந்துவிடக் கூடும் என்பதையும் உணர்ந்தோர், அவற்றைக் கேட்டு வாங்கி அங்கே சேர்த்தனர். கடிதங்கள், நினைவுக் குறிப்புகள், நிழற்படங்கள், வீட்டார் எடுத்த திரைப்படச் சுருள்கள் ஆகியன அங்குள்ளன. அதே பல்கலைக்கழகத்தின் நூலகத்துக்கு 1993இல் ரோயல் பொதுநலவாயச் சங்கத்தின் சேர்க்கை முழுவதும் வந்தது. அதில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட நிழற்படங்கள் உள.

இலங்கைத் தேயிலையின் முன்னோடியான ஜேம்ஸ் டெயிலர் 1852இல் இளைஞனாக இந்நாட்டுக்கு வந்தார். 1867இல் லூல்கந்தூரத் தோட்டத்திலே தேயிலை பயிரிட்டார். அவர் தம் தந்தையாருக்கு எழுதிய கடிதங்கள் ஸ்கொத்லாந்தின் தேசிய நூலகத்திலே பேணப்படுகின்றன. அக்கடிதங்களைக் குடும்பத்தார் எறிந்திருந்தால், அம்மனிதரின் உள்ளத்தை இன்று எவர் அறிவார்?

லிந்துலை மலைகளுக்கு அப்பாலுள்ள பொகவந்தலாவையில், தூய மரியாள் ஆலய வளவிலே ஜூலியா மார்கரட் கமரன் அம்மையாரின் கல்லறை உண்டு. நாற்பத்தெட்டாம் வயதிலே படமெடுக்கத் தொடங்கி, அக்கலையில் உலகப் புகழ் பெற்றவர் அவர். 1875இல் கணவரோடு இலங்கை வந்த அவர், 1879 சனவரியில் டிக்கோயாப் பள்ளத்தாக்கிலே காலமானார். இந்நாட்டில் அவர் எடுத்த படங்களில் முப்பதுக்கும் குறைவானவையே எஞ்சின. அவற்றிலே தோட்டத் தொழிலாளர் முகங்களும் உள்ளன. அவருடைய ஆக்கங்கள் லண்டன் விக்டோரியா அல்பர்ட் அரும்பொருட்சாலையிலும், அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்திலும், வேறு பல இடங்களிலும் உரிய சிறப்போடு காக்கப்படுகின்றன.

இங்கே ஒன்று சிந்திக்கத்தக்கது. களுத்துறையிற் பிடித்த படமொன்றிலே, அதிலுள்ள சிறுமியின் வயது பன்னிரண்டு என்றும், முதியவர் தமக்கு வயது நூறு என்று கூறினார் என்றும் குறிக்கப்பட்டுள்ளது. வயது எழுதப்பட்டது, பெயர் எழுதப்படவில்லை. படம் பிடித்தவரின் பெயரை உலகம் அறியும். படத்தில் நிற்போர் யாவர் என்பதை எவரும் அறியார். துரைமாரின் கடிதங்களிலும் நிலை பெரும்பாலும் இதுவே. அங்கே தொழிலாளர் ஒரு தொகையாகவும், ஒரு செலவாகவும் தோன்றுவரேயன்றித் தம் வாயாற் பேசுவதில்லை. எழுதியவர் பக்கத்தையே சுவடி காட்டும்; எழுதாதவர் பக்கத்தை அறிய வேறு சுவடிகளைத் தேடவேண்டும்.

அத்தகைய சுவடிகள் இல்லாமற் போகவில்லை. பழைய காலத்தில் 'துண்டு' என்று ஒரு சீட்டு இருந்தது. தொழிலாளியின் கடன் இவ்வளவு, அதனைச் செலுத்துவோரிடம் அவரை விட்டுவிடுவோம் என்று தோட்டத்து நிர்வாகம் எழுதிக் கொடுப்பது அது. 1921இல் அம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சி அம்மையார் தொழிலாளர் நிலையைப் பாட்டாக்கி, 1940இற் சிறு நூலாக வெளியிட்டார். 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினரான சி. வி. வேலுப்பிள்ளை, மக்கள் வாய்ப்பாடல்களைத் திரட்டி 1983இல் நூலாக்கினார். ஏட்டில் இல்லாத சரித்திரம் நாவில் இருந்தது. அவர் அதனை ஏட்டில் ஏற்றினார்.

காகிதம் என்பது மலையக மக்களுக்கு வெறும் நினைவுப் பொருளன்று. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அதனையடுத்து வந்த 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டத்தின்படி விண்ணப்பித்தோர், 1946 சனவரி முதலாந் திகதிக்கு முன் இடையறாது இந்நாட்டில் வசித்ததாக நிறுவவேண்டியிருந்தது. மணமானோர்க்கு ஏழாண்டு, மணமாகாதோர்க்குப் பத்தாண்டு என்பது விதி. எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்களுக்காக விண்ணப்பங்கள் குவிந்தன. பிறந்த பதிவும், தோட்டத்துச் செக்ரோல் புத்தகத்திலுள்ள பெயரும், பள்ளிக்கூட இடாப்பும் அன்று எத்துணைப் பெறுமதி பெற்றிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. கறையான் தின்ற ஒரு தாள் ஒரு குடும்பத்தின் வழக்கையே வலுவிழக்கச் செய்திருக்கும். 1964 ஒக்டோபரில் ஸ்ரீமா - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாகியபின், ஒரே லயத்தில் வாழ்ந்தோர் இரு நாட்டினராகப் பிரிந்தனர். அப்போது கடல் கடந்தவர்களுக்கும் தங்கியவர்களுக்கும் இடையே சென்ற கடிதங்களை எந்த அரசாங்கமும் சேர்த்து வைக்கவில்லை. இருப்பின் அவை தகரப் பெட்டிகளிலேதான் இருக்கும்.

இனி, அவற்றைக் காப்பது எவ்வாறு? சுவடிக்கூடத்திலே வெப்பத்தையும் ஈரத்தையும் ஆண்டு முழுவதும் ஒரு சீராக வைத்திருப்பர். அமிலம் நீக்கிய தாளுறைகளில் ஆவணங்களை இடுவர். துருப்பிடிக்கும் ஊசிகளை அகற்றுவர். படிப்போரைப் பென்சிலால் மட்டுமே குறிப்பெடுக்க விடுவர். லிந்துலையிலோ மழையும் மூடுபனியும் ஆண்டிற் பல மாதம் நீங்குவதில்லை. அங்கே தாளுக்குப் பகை ஈரமும், பூஞ்சணமும், பூச்சியும், அடுப்புப் புகையுமே.

எனினும் பெருஞ்செலவின்றிச் செய்யத்தக்கவை பல. பெட்டியை ஈரச் சுவரில் முட்டாமலும் நிலத்திற் படாமலும் சற்று உயர்த்தி வைத்தல் வேண்டும். மடித்த கடிதங்களை மெல்ல விரித்து, சுத்தமான வெள்ளைத்தாள்களின் இடையே வைத்தல் நன்று. பத்திரிகைத் தாளிற் சுற்றுவது தீது. அதன் அமிலம் கடிதத்தைப் பழுப்பாக்கும். கிழிந்த இடத்தில் ஒட்டுநாடா ஒட்டுவதும், பழைய பத்திரத்தை நெகிழித் தாளால் மூடிச் சூடேற்றி ஒட்டுவிப்பதும் மீளாத கேடு செய்யும். கைத்தொலைபேசியாற் படமெடுத்து, அப்படியை உறவினர் இருவரிடம் வேறு வேறிடத்தில் வைப்பது நலம். ஆனால் படி இருக்கிறதென்று மூலத்தை எறிந்துவிடலாகாது. பொதுவிற் பயன்பட விரும்பினால், 2005இல் தொடங்கிய நூலக நிறுவனம் இலங்கைத் தமிழ் ஆவணங்களை மின்வடிவாக்கிப் பேணிவருகின்றது. பேராதனைப் பல்கலைக்கழக நூலகத்திலும் ஏடுகளும் அரிய நூல்களும் காக்கப்படுகின்றன.

இவை அனைத்திலும் எளியதும் தலையாயதும் ஒன்றுண்டு. ஒவ்வொரு படத்தின் பின்புறத்திலும், அதில் நிற்பவரின் பெயரையும், தோட்டத்தையும், டிவிசனையும், தெரிந்தால் ஆண்டையும் மென்மையான பென்சிலால் எழுதி வைத்தல் வேண்டும். இப்பெயர்களைச் சொல்லவல்ல அப்பாயியும் தாத்தாவும் இன்று இருக்கிறார்கள், என்றும் இருக்கப்போவதில்லை. மாலையிலே பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளை ஒன்று அவர்கள் அருகில் அமர்ந்து, "இது யார்?" என்று கேட்டு எழுதிக்கொண்டால் போதும். கமரன் அம்மையாரின் படத்திலே விடுபட்டுப்போன அந்த ஒரு வரி, லிந்துலையின் தகரப் பெட்டியிலாவது விடுபடாமல் இருக்கும்.