தரையை மாற்றப் போகின்றீர்களா? முதலில் கணக்கைப் பாருங்கள்

பெருநாள் நெருங்கும்போதும், வீட்டில் திருமணம் நிச்சயமாகும்போதும் பலருக்கு வருகின்ற எண்ணம், “இந்தப் பழைய தரையை மாற்றினால் என்ன?” என்பதாகும். உடனே கடைக்குச் சென்று, பளபளக்கும் டைல்ஸைப் பார்த்து, சதுர அடி விலையை மட்டும் கேட்டுவிட்டு முற்பணம் கொடுத்து விடுகின்றோம். வேலை முடியும்போது செலவு நினைத்ததைவிடக் கூடிவிடுகின்றது. அந்தத் தரையில் உம்மும்மா வழுக்கி விழுந்தால் வைத்தியச் செலவும் அதனுடன் சேர்ந்து கொள்ளும். எனவே பணம் கொடுக்கும் முன் மூன்று விடயங்களைக் கவனிப்பது அவசியமாகும்.

பழைய தரையின் நிலை

எமது நாட்டில் பழைய வீடுகள் பலவற்றில் சிவப்பு சீமெந்துத் தரையே உண்டு. அதனை ஒரு மரக்கட்டையால் தட்டிப் பாருங்கள். வெற்றுச் சத்தம் கேட்கும் இடங்களை உடைத்துத் திருத்த வேண்டும். எல்லா இடமும் உறுதியாக இருந்தால், மேற்பரப்பைக் கொத்திச் சொரசொரப்பாக்கி, அதன் மேலேயே டைல்ஸ் ஒட்டலாம். மெழுகு பூசிய வழவழப்பான தரையில் அப்படியே ஒட்டினால் பிடிக்காது. தரை சுமார் முக்கால் அங்குலம் உயரும் என்பதால் கதவுகளின் அடியையும் சீவ வேண்டி வரும்.

ஈரத்தையும் சோதியுங்கள். இரண்டு அடிச் சதுரமான பொலித்தீன் துண்டொன்றைத் தரையில் விரித்து, நான்கு ஓரங்களையும் டேப்பால் ஒட்டி, ஒரு நாள் விடுங்கள். அடியில் நீர்த்துளிகள் தெரிந்தால் நிலத்திலிருந்து ஈரம் ஏறுகின்றது. அத்தகைய தரைக்கு லெமினேட் பலகை பொருந்தாது, ஊதிவிடும். 2016ஆம் ஆண்டு களனி கங்கை பெருகியபோது கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பகுதிகள் நீரில் மூழ்கின. அப்படியான தாழ்நிலங்களில் சீமெந்துத் தரையோ டைல்ஸோதான் கழுவித் துடைத்து மீண்டும் பாவிக்கக் கூடியது.

எந்த இடத்திற்கு எது?

போசிலின் டைல்ஸ் உறிஞ்சும் நீர் 0.5 சதவீதத்திற்கு மேற்படாது. சாதாரண செரமிக்கை விடக் கடினமானது. ஆட்கள் அதிகம் நடமாடும் விறாந்தைக்கும் வரவேற்பறைக்கும் ஏற்றது. நீர் உறிஞ்சாத காரணத்தினால் வெறும் சீமெந்துச் சாந்தில் அது நன்றாகப் பிடிக்காது. அதற்குரிய டைல் பசையைப் பாவிக்க வேண்டும்.

குளியலறை, சமையலறை, வுழூச் செய்யும் இடம் ஆகியவற்றுக்குப் பளபளப்பில்லாத, சொரசொரப்பான வகையையே தெரிவு செய்யுங்கள். மாபிளைச் சமையலறையில் தவிர்ப்பது நல்லது. தேசிக்காய்ச் சாறும் புளியும் பட்டால் அதன் மினுக்கம் போய்விடும். பணம் குறைவென்றால், உறுதியான சிவப்புத் தரையின் வெடிப்புகளைச் சீர்செய்து மெருகேற்றுவதும் நல்ல தீர்வுதான்.

மொத்தக் கணக்கு

12 அடிக்கு 14 அடி அறையொன்றை எடுத்துக் கொள்வோம். தரை 168 சதுர அடி. சுவரோரம் நான்கு அங்குலப் பட்டிக்கு, மூன்று அடிக் கதவு வழியைக் கழித்தால், சுமார் 16 சதுர அடி. மொத்தம் 184. வெட்டும்போது வீணாவதற்குப் பத்து சதவீதம் சேர்த்தால் சுமார் 203 சதுர அடி. நான்கு டைல்ஸ் கொண்ட இரண்டடிப் பெட்டியொன்று சுமார் 15.5 சதுர அடியை மூடும். ஆகவே 14 பெட்டிகள் தேவை. தரையை மட்டும் கணக்கிட்டு 11 பெட்டி வாங்கியவர் மீண்டும் கடைக்கு ஓட வேண்டியிருக்கும். அப்போது அதே நிறம் கிடைக்குமென்பது நிச்சயமில்லை. பெட்டிகளில் அச்சிடப்பட்டுள்ள நிற இலக்கமும் தொகுதி இலக்கமும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்த்தே பொறுப்பேற்க வேண்டும். 2020இல் டைல்ஸ் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது, பாதியில் நின்ற வேலைக்கு அதே டைல்ஸைத் தேடி அலைந்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

இதனுடன் பசை, இடைவெளி நிரப்பும் பூச்சு, உடைத்த கல்லை அகற்றும் லொறிக் கூலி, மேசன் கூலி, கதவு சீவும் செலவு ஆகிய அனைத்தையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டுங்கள். கூலி சதுர அடிக்கா, நாளுக்கா என்பதையும், பட்டி ஒட்டுவது அதில் அடங்குமா என்பதையும் வேலை தொடங்கும் முன்பே பேசிக் கொள்ளுங்கள்.

கடைசியாக, கடையில் மாதிரித் துண்டொன்றைக் கேட்டு வாங்கி வாருங்கள். அதன் மேல் சவர்க்கார நீரை ஊற்றி, வெறுங்காலால் மெதுவாக மிதித்துப் பாருங்கள். கால் வழுக்கினால் அது உங்கள் குளியலறைக்குரிய டைல் அல்ல.