கொல்லையில் வந்த திருடன் யார்?

"பாவம் ஓரிடம், பழி ஓரிடம்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். அந்தப் பழியை ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையின் மேல் நானே போட்டேன் என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் மற்ற சகோதரிகளுக்கு உபயோகப்படுமே என்று எழுதுகிறேன்.

எங்கள் வீடு மயிலாடுதுறைப் பக்கம். பழைய ஓட்டு வீடு. பின்னால் கிணறு, துவைக்கிற கல், நாலு வாழை, இரண்டு தென்னை, மதிலோரம் ஒரு சப்போட்டா மரம். கிணற்றடியில் வைக்கும் துணி சோப்பு காலையில் காணாமல் போக ஆரம்பித்தது. சப்போட்டா மரத்திலும் பழுத்தது ஒன்றும் தங்கவில்லை. மதில் மேல் பார்த்தால் கறுப்பு விதைகள் ஒரே இடத்தில் குவியலாகக் கிடக்கும். யாரோ சாவகாசமாக உட்கார்ந்து தின்றுவிட்டுத் துப்பியது போல!

எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வரும் பெண்ணின் மகன் ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறான். சாயங்காலம் அம்மாவை அழைத்துப் போகக் கொல்லை வழியாக வருவான். வந்தால் அந்த மதில் மேல்தான் உட்காருவான். எனக்கு வேறு சாட்சி வேண்டுமா?

"உன் பிள்ளையைக் கொஞ்சம் கண்டிச்சு வை. பழம் வேணும்னா கேட்டு வாங்கிக்கச் சொல்லு" என்றேன் ஒரு நாள். தேய்த்துக்கொண்டிருந்த கை ஒரு நிமிஷம் நின்றது. அவள் ஒன்றும் பேசவில்லை. மறுநாளிலிருந்து பையன் வரவில்லை. சோப்பு மட்டும் போய்க்கொண்டே இருந்தது!

அந்தச் சமயத்தில்தான் மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியில் படிக்கும் என் தம்பி மகன் லீவுக்கு வந்தான். கதையைக் கேட்டுவிட்டு, "அத்தை, ஆளைப் பார்க்காமலே தீர்ப்புச் சொல்லிட்டீங்களே! ராத்திரி காமிரா கட்டிப் பார்த்துடலாம்" என்று பையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்தான். சாப்பாட்டு டப்பா அளவுதான் இருக்கும். பாசிப் பச்சை நிறம். எட்டு பென்சில் பாட்டரி போட்டான்.

தானாகப் படம் எடுப்பது எப்படி?

உயிருள்ள உடம்பிலிருந்து வெப்பம் வெளிப்படுகிறது அல்லவா? சுற்றியுள்ள சூட்டிலிருந்து வேறுபட்ட ஒரு வெப்பம் முன்னால் நகர்ந்தால், இந்தக் காமிராவில் உள்ள உணர்கருவி அதைத் தெரிந்துகொண்டு உடனே படம் எடுத்துவிடும். இருட்டில் பளிச்சென்று வெளிச்சம் அடிக்காது. நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை வீசும். அதனால் இரவுப் படங்கள் கறுப்பு வெள்ளையாகத்தான் இருக்கும். கீழே தேதியும் மணியும் பதிவாகிவிடும்.

இது புது யோசனையும் அல்ல. அமெரிக்காவில் ஜார்ஜ் ஷைராஸ் என்ற வழக்கறிஞர், மிருகம் கயிற்றை இடறினால் காமிரா இயங்கும்படி செய்து இரவில் படம் எடுத்தார். அவர் எடுத்த 74 காட்டுயிர்ப் படங்கள் 1906ஆம் ஆண்டு ஜூலையில் நேஷனல் ஜியாகிரஃபிக் இதழில் வெளிவந்தன. நம் நாட்டில் வன அதிகாரியாக இருந்த எஃப். டபிள்யூ. சாம்பியன் என்ற ஆங்கிலேயர் 1920களில் இப்படியே புலிகளைப் படம் பிடித்தார். 2018 புலிக் கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் தானியங்கிக் காமிராக்கள் வைத்து, சுமார் 3 கோடியே 48 லட்சம் படங்கள் எடுத்தார்களாம். ஒரு புலியின் வரி மாதிரி இன்னொன்றுக்கு இருக்காது என்பதால், படத்தைப் பார்த்தே எண்ணிவிடுகிறார்கள்.

புலியை எண்ணுகிற காமிரா என் சோப்பைத் தேட வந்தது!

முதல் நாள் கூத்து

முதல் நாள் நானே ஆசையாகக் காமிராவை என் தலை உயரத்துக்குத் தென்னையில் கட்டினேன். காலையில் பார்த்தால் முந்நூறு படத்துக்கு மேல் இருந்தது. அத்தனையும் காற்றில் ஆடிய வாழை இலை! நடுவில் ஒரே ஒரு பூனையின் முதுகு.

பிறகு தம்பி மகன் சொல்லித் தந்தான். சின்னப் பிராணிகளுக்கு முழங்கால் உயரமே போதும். எதிரே மூன்று, நான்கு மீட்டர் தூரத்தில் அவை நடக்கும் தடம் இருக்க வேண்டும். முன்னால் இலையோ புல்லோ ஆடக் கூடாது. சூரியன் உதிக்கிற, மறைகிற திசையைப் பார்த்து வைக்கக் கூடாது. பெண்களாகிய நாம் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அடுத்த வீட்டு ஜன்னலோ, குளிக்கிற இடமோ, தெருவோ படத்தில் விழவே கூடாது. அக்கம்பக்கத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கட்டுவது நல்லது.

மூன்றாம் நாள் ராத்திரி

மணி 11.40. சாக்கடையோரப் பொந்திலிருந்து ஒரு பெருச்சாளி வெளியே வந்தது. அடுத்த படத்தில் அதன் வாயில் என் சோப்புக்கட்டி! சோப்பில் கொழுப்புச் சத்து இருப்பதால் எலி, பெருச்சாளிக்கு அது தின்பண்டமாம்.

மணி 2.10. மதில் மேல் நீண்ட உடம்பு, அதற்குச் சமமாக நீண்ட வால், இரண்டு கண்களும் விளக்குப் போல. மரநாய்! அடுத்த படத்தில் அதன் பின்னால் இரண்டு குட்டிகள். பகலெல்லாம் மரப்பொந்திலோ வீட்டு மச்சிலோ தூங்கிவிட்டு, ராத்திரியில் பழம் தேடி வருமாம். தின்ற பழத்தின் விதை அப்படியே எச்சத்தில் வந்துவிடும். மதில் மேல் நான் பார்த்த குவியல் யாரும் துப்பியது அல்ல. மரநாயின் எச்சம்! உலகத்திலேயே விலை அதிகமான காப்பி என்று சொல்கிறார்களே, அதுவும் இதே பிராணி தின்று கழித்த கொட்டையிலிருந்துதான் வருகிறதாம்.

என் மாமியார் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "ராத்திரி ஓட்டு மேல தடதடன்னு ஓடுறது இதுதானா! நான் என்னமோ ஏதோன்னு இத்தனை நாளா விபூதி இட்டுக்கிட்டுப் படுத்தேனே!" என்றார்.

மருந்து வைத்துவிடலாம் என்று பக்கத்து வீட்டில் யோசனை சொன்னார்கள். மரநாயைப் பிடிப்பதும் கொல்வதும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். தவிர, குட்டிகளோடு வந்த தாயைப் பார்த்த பிறகு எந்தத் தாய்க்கு மனசு வரும்?

நான் செய்த மாற்றங்கள்

சோப்பை மூடி போட்ட டப்பாவில் வைத்து ராத்திரி உள்ளே எடுத்துவிடுகிறேன். குப்பைக் கூடைக்கு மூடி போட்டாயிற்று. பொந்தைக் கல்லும் சிமெண்டும் வைத்து அடைத்தோம். பெருச்சாளி, எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரால் எலிக்காய்ச்சல் வரும். ஆகவே கொல்லையில் குழந்தைகளை வெறுங்காலோடு விடாதீர்கள். காலில் புண் இருந்தால் இன்னும் கவனம் தேவை. மரநாயோ வௌவாலோ கடித்த பழத்தை, 'அந்தப் பக்கத்தை மட்டும் வெட்டிவிடலாம்' என்று எண்ணாமல் தூர எறியுங்கள். குட்டி அழகாக இருக்கிறதே என்று தொடவும் வேண்டாம், சோறு வைத்துப் பழக்கவும் வேண்டாம்.

இன்னொன்று. பாம்பின் உடம்பு சுற்றுப்புறச் சூட்டோடு ஒத்திருப்பதால் இந்தக் காமிராவில் பெரும்பாலும் விழாது. படத்தில் வரவில்லையே என்று டார்ச் இல்லாமல் கொல்லைக்குப் போய்விடாதீர்கள்.

முற்றிய சப்போட்டாவைப் பறித்து வைக்கோலில் பழுக்கப் போடுகிறேன். உச்சிக் கிளையில் இருப்பதை விட்டுவிடுகிறேன். அது அந்தக் குடும்பத்துக்கு.

சொல்ல வேண்டியது இன்னும் ஒன்று

படங்களை வேலைக்கு வரும் பெண்ணிடம் காட்டி, "தப்பாப் பேசிட்டேன், மனசுல வெச்சுக்காதே" என்றேன். அவள் படத்தைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை.

"சோப்பை எலி தூக்கும்னு எனக்குத் தெரியும்க்கா. சொன்னா நம்புவீங்களான்னுதான் சொல்லலை" என்றாள்.

அந்த ஒரு வார்த்தை என்னைச் சுட்டது போல் வேறெதுவும் சுட்டதில்லை. அன்று சாயங்காலமே அவர்கள் வீட்டுக்குப் போய், பையனிடம் நேரில் மன்னிப்புக் கேட்டேன். வயதில் சின்னவனிடம் கேட்பதா என்று முதலில் தயக்கம்தான். பழி போடும்போது வயசு பார்த்தேனா?

ஒரு வாரம் கழித்து வந்தான். படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். அடுத்த நாள் முதல் காமிராவை எங்கே கட்டினால் எது விழும் என்று எங்களுக்கு அவன்தான் சொன்னான். லீவு முடிந்து காமிரா ஊருக்குப் போய்விட்டது. பையன் இப்போதும் வருகிறான். ஆனால் மதில் மேல் உட்காருவதில்லை. பழம் கொடுத்தால், "வேண்டாம்க்கா" என்று சொல்லிவிடுகிறான்.

பொந்தை அடைத்துவிட்டேன். இதை அடைக்க இன்னும் நாளாகும் போலிருக்கிறது. சகோதரிகளே, வீட்டில் ஒரு பொருள் காணாமல் போனால், வாயைத் திறப்பதற்கு முன் கொல்லையை ஒரு தடவை நன்றாகப் பாருங்கள்.