இணையச் சந்தையில் விற்ற சரக்கு: போய்ச் சேர்ந்ததற்குச் சான்று வைத்திருப்பது எப்படி?

உழவர் சந்தையில் காய்கறி விற்கும்போது வாங்குபவர் எதிரில் நிற்கிறார். தராசைப் பார்க்கிறார், பையை நீட்டுகிறார், பணம் கைமாறுகிறது. அத்துடன் கணக்கு முடிந்தது. இணையச் சந்தையில் விற்பது அப்படிப்பட்டதன்று. உடன்குடிக் கருப்பட்டியை வாங்குபவர் டில்லியில் இருக்கிறார். கொல்லிமலை மிளகைக் கேட்பவர் நாகபுரியில் இருக்கிறார். சந்தை நடத்தும் நிறுவனம் உங்களையும் பார்த்ததில்லை, அவரையும் பார்த்ததில்லை. சரக்கு உங்கள் கையை விட்டுச் சென்றது என்பதற்கும் அவர் கையில் சேர்ந்தது என்பதற்கும் உள்ள பதிவுகளை மட்டுமே அது நம்புகிறது. உங்களுக்கு வரவேண்டிய தொகையை விடுவிப்பதும் நிறுத்தி வைப்பதும் அந்தப் பதிவுகளைப் பொறுத்தே நடக்கிறது. ஆகவே நல்ல சரக்கை நல்லபடி கட்டி அனுப்பினால் மட்டும் போதாது. அனுப்பியதைக் காட்டவும் முடிய வேண்டும்.

சட்டத்தில் உங்கள் பொறுப்பு

1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 39-ஆவது பிரிவின்படி, வாங்குபவருக்கு அனுப்பும் பொருட்டுச் சரக்கைப் போக்குவரத்தாளரிடம் ஒப்படைத்தாலே வாங்குபவரிடம் ஒப்படைத்ததாக முதல் நோக்கில் கொள்ளப்படும். ‘லாரியில் ஏற்றியாயிற்று, இனி என் பொறுப்பில்லை’ என்று மண்டி வியாபாரத்தில் சொல்வதற்கு இதுவே அடிப்படை.

இணையச் சந்தையில் இந்தப் பேச்சு எடுபடாது. 2020-ஆம் ஆண்டு ஜூலை மாதம் வெளியான நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிகம்) விதிகள் விற்பனையாளருக்கு நேரடியாகச் சில கடமைகளை விதித்துள்ளன. சொன்ன தேதிக்குப் பின்னர் சரக்கு போய்ச் சேர்ந்தால், அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவோ பணத்தைத் திருப்பித் தரவோ மறுக்கக் கூடாது. வெள்ளம், புயல் போன்று மனித சக்திக்கு மீறிய காரணத்தால் தாமதம் நேர்ந்தால் மட்டுமே விலக்கு உண்டு. புகார் வந்தால் 48 மணி நேரத்திற்குள் பெற்றுக்கொண்டதைத் தெரிவித்து, ஒரு மாதத்திற்குள் தீர்வு காண வேண்டும். இதற்கென ஒருவரைக் குறைதீர்க்கும் அலுவலராகக் குறிப்பிட்டிருக்கவும் வேண்டும். சிறு விற்பனையாளருக்கு இது பெரிய ஏற்பாடு போலத் தோன்றலாம். வீட்டில் கணக்கு எழுதும் பிள்ளையின் பெயரையே கொடுத்தாலும், அவர் தினமும் செய்திகளைப் பார்ப்பவராக இருத்தல் அவசியம்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியவர் தாம் குடியிருக்கும் ஊரின் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். நாகபுரியில் தொடுத்த வழக்குக்கு நாமக்கல்லில் இருந்துகொண்டு பதில் சொல்ல நேரிட்டால், கையில் உள்ள சான்றுகள்தாம் உங்களுக்காகப் பேசும்.

டிராக்கிங் எண்ணைப் படிக்கும் விதம்

அஞ்சல் நிலையத்தில் விரைவஞ்சல் பதிவு செய்தால் கிடைக்கும் எண்ணில் 13 குறிகள் இருக்கும். முதலில் இரண்டு ஆங்கில எழுத்துகள், நடுவில் ஒன்பது இலக்கங்கள், கடைசியில் இந்தியாவைக் குறிக்கும் ‘ஐ.என்.’ என்ற இரண்டு எழுத்துகள். இது உலக அஞ்சல் ஒன்றியம் வகுத்த முறையாகும்.

ஒன்பது இலக்கங்களில் கடைசி இலக்கம் வெறும் வரிசை எண் அன்று. அது முதல் எட்டு இலக்கங்களையும் சரிபார்க்கும் காவல்காரன். அந்த எட்டையும் முறையே 8, 6, 4, 2, 3, 5, 9, 7 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்ட வேண்டும். கூட்டுத் தொகையை 11-ஆல் வகுத்து, மீதியை 11-இலிருந்து கழித்தால் வருவதே ஒன்பதாவது இலக்கம். (விடை 10 எனில் 0 என்றும், 11 எனில் 5 என்றும் கொள்வர்.) எடுத்துக்காட்டாக 12345678 என்ற எண்ணுக்குக் கூட்டுத் தொகை 204. வகுத்தால் மீதி 6. ஆகவே காவல் இலக்கம் 5. இந்தக் கணக்கை நீங்கள் தினமும் போட வேண்டியதில்லை, கணிப்பொறி பார்த்துக்கொள்ளும். ஆனால் எண்ணை இணையச் சந்தையின் பக்கத்தில் பதியும்போது ‘எண் தவறு’ என்று வந்தால், இயந்திரக் கோளாறு என்று விட்டுவிடாமல் ரசீதுடன் மறுபடி ஒப்பிட்டுப் பாருங்கள். அநேகமாக இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்கும்.

முதல் ஸ்கேன் முக்கியம்

பல விற்பனையாளர்கள் லேபிளை அச்சிட்டவுடனேயே ‘அனுப்பியாயிற்று’ என்று பதிந்துவிடுகின்றனர். சிப்பமோ திண்ணையில் கிடக்கிறது. மறுநாள் ஞாயிறு, அதற்கு மறுநாள் உள்ளூர்த் திருவிழா. மூன்று நாள் வரையில் கூரியரின் பதிவில் அசைவே இல்லை. வாங்கியவர் புகார் செய்கிறார். சந்தை நிறுவனம் தாமதத்தை உங்கள் கணக்கில் எழுதுகிறது. சரக்கைக் கூரியரோ அஞ்சலகமோ பெற்று, ஸ்கேன் செய்த நேரம்தான் அனுப்பிய நேரம் என எண்ணிக்கொள்ளுங்கள். கூரியர் ஆள் வீட்டுக்கு வந்து எடுத்துச் செல்வதானால், எத்தனை சிப்பங்கள், எந்தெந்த எண்கள் என்ற பட்டியலில் அவரிடம் தேதியுடன் கையொப்பம் பெறுவது அவசியம். ‘பிறகு ஸ்கேன் செய்துகொள்கிறேன்’ என்று அவசரப்படுபவரிடம் பட்டியல் கையொப்பம் இல்லாமல் சரக்கைக் கொடுக்காதீர்கள்.

அறுவடைக் காலத்திலும் மழைக் காலத்திலும் உங்களால் எத்தனை நாளில் கட்டி அனுப்ப முடியும் என்பதை முன்பே யோசித்து அந்த நாள் கணக்கையே சந்தைப் பக்கத்தில் குறிப்பிடுங்கள். ஒரே நாளில் அனுப்புவதாகச் சொல்லிவிட்டுத் தவறுவதைவிட, மூன்று நாள் என்று சொல்லி இரண்டாம் நாளே அனுப்புவது மேல்.

முகவரியும் எடையும்

கையால் முகவரி எழுதும் சிப்பங்களில் பின்கோடு எண்ணைத் தனிக் கவனத்துடன் எழுதுதல் வேண்டும். 1972 ஆகஸ்ட் 15 முதல் நடைமுறையில் உள்ள இந்த ஆறு இலக்க எண்ணில் முதல் மூன்று இலக்கங்களே சிப்பம் எந்தப் பகுதிக்குப் போக வேண்டும் எனக் காட்டுகின்றன. 638 என்பது ஈரோடு. அதையே 683 என்று மாற்றி எழுதினால் சிப்பம் எர்ணாகுளம் மாவட்டத்துக்குப் பயணப்படும்.

எடையில் நேரும் நட்டத்தைப் பலர் அறிவதில்லை. பல கூரியர் நிறுவனங்கள் தராசு எடையுடன் இட அளவு எடையையும் பார்த்து, எது அதிகமோ அதற்குக் கட்டணம் விதிக்கின்றன. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுப்பது பரவலான முறை. முருங்கை இலைப் பொடி 2 கிலோவை 40, 30, 20 சென்டிமீட்டர் அளவுள்ள பெட்டியில் வைத்தால் கணக்கு 4.8 கிலோவாகிவிடும். இலேசான பொருளுக்குப் பெட்டி சிறிதாக இருத்தல் நலம். கட்டிய சிப்பத்தைத் தராசில் வைத்து, முள்ளும் லேபிளும் தெரியும்படி ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு எடை கூடுதல் என்று பணம் பிடித்தாலும், பாதிச் சரக்குதான் வந்தது என்று வாங்கியவர் சொன்னாலும் இந்த ஒரு படம் இரண்டுக்கும் பதிலாகும்.

போய்ச் சேர்ந்ததற்கு ஒப்புதல்

முன்பு பதிவு அஞ்சலில் ஒப்புகை அட்டை இணைத்து அனுப்புவோம். கையொப்பத்துடன் அட்டை திரும்பி வரும். பதிவு அஞ்சல் சேவை 2025-இல் விரைவஞ்சலுடன் இணைக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபர் முதல், விரைவஞ்சலில் ஓ.டி.பி. எண் பெற்றுக்கொண்டு ஒப்படைக்கும் வசதியும் வந்தது. இதற்குச் சிப்பம் ஒன்றுக்கு 5 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் கூடுதல் கட்டணம் என அறிவிக்கப்பட்டது. தேன், ஏலக்காய், மிளகு போன்ற விலை மிகுந்த சரக்குக்கு இந்தச் செலவைப் பார்க்க வேண்டாம். வாங்கியவரின் கைப்பேசிக்கு வந்த எண்ணை அவரே சொல்லிப் பெற்றுக்கொண்ட பின்பு, ‘வரவில்லை’ என்ற வாதம் வலுவிழக்கிறது.

அந்த எண்ணை நீங்கள் தொலைபேசியில் அவரிடம் கேட்கக் கூடாது. சரக்கைக் கொண்டுவந்து நிற்பவரிடம் மட்டுமே அதைச் சொல்லலாம் என அவருக்கு முன்கூட்டியே தெரிவித்துவிடுங்கள். ஏமாற்றுக்காரர்கள் இந்த வழியாகவும் நுழைகிறார்கள்.

‘ஒப்படைக்கப்பட்டது’ என்று பதிவு காட்டியும் வாங்கியவர் மறுத்தால் அவருடன் வாக்குவாதம் செய்ய வேண்டாம். அடுத்த வீட்டாரோ காவலாளியோ வாங்கி வைத்திருக்கலாம். கூரியரிடம் பெற்றவர் பெயர், கையொப்பப் படம், நேரம் ஆகியவற்றை எழுத்து மூலம் கேட்டு வாங்கிச் சந்தை நிறுவனத்துக்கு அனுப்புங்கள். நிறுவனம் கொடுத்த கெடு நாளுக்குள் பதில் போகாவிட்டால், உங்கள் பக்கம் நியாயம் இருந்தும் தொகை வாங்கியவருக்குத் திரும்பிவிடும். திரும்பி வரும் சிப்பத்தைப் பிரிக்கும்போதும் லேபிள் தெரியும்படி கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டே பிரிப்பது நல்லது. நீங்கள் அனுப்பிய மிளகுக்குப் பதில் வேறு மிளகு திரும்பி வந்தால் அப்போதுதான் காட்ட முடியும்.

எவ்வளவு காலம் வைத்திருப்பது?

நுகர்வோர் வழக்குத் தொடுக்கப் பொதுவாக இரண்டு ஆண்டுகள் காலக்கெடு உண்டு. ஆகவே ஆர்டர் எண், டிராக்கிங் எண், ஒப்படைத்த தேதி, எடை, போய்ச் சேர்ந்த தேதி, பணம் வந்த தேதி ஆகியவற்றை ஒரு நோட்டில் வரிசையாக எழுதி, ரசீதுகளுடன் அவ்வளவு காலம் பாதுகாத்தல் வேண்டும். அஞ்சலகத்திலும் கூரியர் கடைகளிலும் பெரும்பாலும் வெப்ப அச்சுத் தாளிலேயே ரசீது தருகின்றனர். வெயில் படும் இடத்தில் வைத்தால் சில மாதங்களிலேயே எழுத்து மறைந்து வெறுந்தாளாகிவிடும். வாங்கிய அன்றே ஜெராக்ஸ் எடுத்து நோட்டில் ஒட்டிவிடுங்கள்.