எப்போதாவது திறக்கும் செயலிக்கு எந்த டேட்டாபேஸ்?

கோவை ஆர்.எஸ்.புரம் டி.பி. ரோட்டையும் குறுக்குத் தெருக்களையும் சுற்றி வந்தால் துணிக்கடை, கிளினிக், டியூஷன் சென்டர், அபார்ட்மென்ட் சங்கம் என்று பலரிடமும் சொந்தமாகச் செய்து வாங்கிய ஒரு சின்னச் செயலி இருக்கிறது. பல செயலிகளை மாதக்கணக்கில் யாரும் தொடுவதில்லை. சந்தா வசூலோ அட்மிஷனோ வரும்போது திறந்தால் உள்ளே ஒன்றும் இருக்காது. "டெவலப்பர் போனே எடுக்க மாட்டேங்கறாருங்க" என்று அப்புறம் புலம்புவார்கள். இந்தப் புலம்பலைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

பெரும்பாலும் காரணம் ஒன்றுதான். செய்துகொடுத்தவர் இலவச கிளவுடில் டேட்டாபேஸைப் போட்டுவிட்டுப் போயிருப்பார். ஹெரோக்கு நிறுவனம் 2022 நவம்பர் 28 முதல் இலவச டேட்டாபேஸையே எடுத்துவிட்டது. சூப்பாபேஸின் இலவசத் திட்டத்தில் ஒரு வாரம் யாரும் பயன்படுத்தாவிட்டால் நிறுத்திவைத்துவிடுவார்கள். எச்சரிக்கை மின்னஞ்சல் கணக்கைத் தொடங்கிய டெவலப்பருக்குப் போகும், உங்களுக்கு வராது.

அதற்காக, சில நூறு பெயர்களை வைத்துக்கொள்ள மாதாமாதம் சர்வர் வாடகை கட்டவும் வேண்டாம். எஸ்க்யூலைட் என்ற டேட்டாபேஸ் போதும். ரிச்சர்ட் ஹிப் 2000-ல் வெளியிட்டது, உரிமக் கட்டணம் கிடையாது, உங்கள் கைபேசிக்குள்ளேயே ஓடிக்கொண்டிருக்கிறது. மொத்தத் தரவும் ஒரே கோப்பு. ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுத முடியும் என்பது அதன் குறை; எப்போதாவது திறக்கும் செயலிக்கு அது குறையே அல்ல. பல கவுன்டர்களில் நாள் முழுக்க பில் போடும் கடையென்றால் மட்டும் போஸ்ட்கிரெஸ் அல்லது மைஎஸ்க்யூஎல் கேளுங்கள். எஸ்க்யூலைட் கோப்பை நெட்வொர்க் ஃபோல்டரில் வைத்துப் பல கணினிகளில் திறக்காதீர்கள், கெட்டுப்போகலாம். மறுதொடக்கத்தில் டிஸ்க்கை அழித்துவிடும் கிளவுட் சேவைகளிலும் வைக்கக் கூடாது.

நகல் எடுங்கள். செயலி ஓடும்போது கோப்பைச் சும்மா காப்பி செய்தால் கடைசிப் பதிவுகள் பக்கத்திலுள்ள துணைக் கோப்பில் தங்கிவிடலாம். எஸ்க்யூலைட்டின் பேக்கப் கட்டளையால்தான் எடுக்க வேண்டும். எடுத்ததை வேறு கணினியில் திறந்தும் பாருங்கள். ஜிஎஸ்டி சட்டப்படி கணக்குகளை, ஆண்டு ரிட்டன் தாக்கலின் கடைசி நாளிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். டெவலப்பர் ஓடிவிட்டார் என்று அதிகாரியிடம் சொன்னால் எடுபடாது.

முன்பணம் கொடுக்குமுன் ஒர்க் ஆர்டரில் எழுதி வாங்க வேண்டியவை: கிளவுட் கணக்கும் டொமைனும் உங்கள் மின்னஞ்சலிலும் கைபேசி எண்ணிலும் இருக்க வேண்டும், வாராவாரம் நகல் உங்களுக்கு வர வேண்டும், சோர்ஸ் கோடு கைக்கு வர வேண்டும். வெளியாள் எழுதிய நிரலின் பதிப்புரிமை, கையெழுத்திட்டு மாற்றித் தராவிட்டால் பொதுவாக அவரிடமே நிற்கும். 1957-ம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19-வது பிரிவு கேட்பது எழுத்து, வாய்ப்பேச்சு அல்ல. காலவரை எழுதாவிட்டால் ஐந்தாண்டுதான் என்று அதே பிரிவு சொல்கிறது. ஆகவே 'நிரந்தரமாக' என்று எழுதி வாங்குங்கள்.

ஏமாற்றப்பட்டால் முதலில் டெலிவரிச் சான்றுடன் ஸ்பீட் போஸ்டில் நோட்டீஸ் அனுப்புங்கள். பிறகு 1915 நுகர்வோர் உதவி எண். அதிலும் தீராவிட்டால் இ-ஜாக்ரிதி தளம் வழியாக மாவட்ட நுகர்வோர் ஆணையம். டெவலப்பர் பெங்களூரில் இருந்தாலும் கோவையிலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமில்லை, கெடு இரண்டு ஆண்டு. வியாபாரத்துக்கு வாங்கியது என்று எதிர்த்தரப்பு கிளப்பும்; பிழைப்புக்காக நீங்களே நடத்தும் சுயதொழில் என்பதை மனுவிலேயே எழுதிவிடுங்கள்.

வேண்டுமென்றே தரவை அழித்தாலோ பூட்டிவைத்துப் பணம் கேட்டாலோ, சைபர் கிரைம் காவல் நிலையத்தில் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66 பிரிவுகளில் புகார் கொடுங்கள். இழப்பீடும் வேண்டுமென்றால், 5 கோடி வரை அதைத் தீர்மானிக்கும் அதிகாரி மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளர். இந்த வாசல் பலருக்கும் தெரியாது, அரசும் சொல்லிக்கொடுப்பதில்லை.

நகல் இல்லாமல் எந்த ஆணையமும் தரவைத் திருப்பித் தர முடியாது. டெவலப்பர் போன் எடுக்கும்போதே, இன்றைக்கே, கேட்டு வாங்கி வையுங்கள்.