பெருமழையின் அளவும் கணிப்பொறிக் கணக்கும்

2015-ம் வருடம் நவம்பர் மாதம் 9, 10 தேதிகளில், ஒரு நாளளவில் நெய்வேலியில் 483 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. அங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டர் வடகிழக்கேயுள்ள நெல்லிக்குப்பத்தில் கரும்பும் நெல்லும் பயிரிடுவோர், இத்தகைய மழை இனி அடிக்கடி வருமோ என வினவுதல் இயல்பே. இதற்கு விடை காண உதவும் பருவநிலை மாதிரிகள் எனப்படும் கணிப்பொறிக் கணக்குகளை எவ்வளவு நம்பலாம் என்பது ஈண்டு விளக்கப்படுகிறது.

இம்மாதிரிகள் பூமியைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் காற்று, வெப்பம், ஈரம் முதலியவற்றைக் கணிக்கின்றன. உலகளாவிய மாதிரிகள் பலவற்றில் ஒரு கட்டத்தின் பக்கம் சுமார் 100 கிலோமீட்டர். பரப்பு 10,000 சதுர கிலோமீட்டர். கடலூர் ஜில்லா முழுவதும் இதில் பாதிக்கும் குறைவே. அக்கட்டத்தில் பத்திலொரு பங்கு நிலத்தில் 480 மி.மீ. பெய்து, எஞ்சிய இடம் வறண்டிருந்தால், சராசரி 48 மி.மீ. என்றே வரும். ஓரிடத்துப் பெருவெள்ளம் கணக்கில் சாதாரண மழையாகிவிடும்.

மற்றொரு குறையும் உண்டு. இடிமேகத்தின் அகலம் சில கிலோமீட்டரே ஆதலின், கட்டத்துள் அது தனியே புலப்படுவதில்லை. அதன் செயல் தோராயமான சூத்திரங்களால் குறிக்கப்படுகிறது. அதனால் மாதிரிகள் பலவும் தூறலை மிகுத்தும் கனமழையைக் குறைத்தும் காட்டுகின்றன. மாத மொத்தம் சரியாயிருப்பினும் நாளளவு பிழைபடலாம். 300 மி.மீ. மழை முப்பது நாளும் 10 மி.மீ. வீதம் பெய்தால் பயிர் செழிக்கும். இரண்டே நாளில் பெய்தால் இளம்பயிர் மூழ்கி அழுகும்.

ஆயினும் இவை பயனற்றவையல்ல. வெப்பம் ஒரு டிகிரி செல்ஸியஸ் உயர்ந்தால் காற்று சுமார் 7 சதவிகிதம் அதிக நீராவியைத் தாங்கும் என்பது பௌதிக விதி. ஆகவே, கனமழை மேலும் வலுக்கும் என அவை காட்டும் போக்கு நம்பத்தக்கது. ஓர் ஊருக்கு அவை கூறும் அளவை அப்படியே கொள்ளலாகாது. கட்டத்தைச் சில கிலோமீட்டராகக் குறுக்கிய மாதிரிகள் கனமழையைச் செம்மையாகக் காட்டுகின்றன. எனினும் பல்லாண்டுக் கணக்கிற்கு அவற்றால் ஆகும் செலவு மிகப் பெரிது.

ஆதலால் வடிகாலின் அகலத்தைக் கட்டச் சராசரியைக்கொண்டு நிர்ணயித்தல் தவறு. அண்டையிலுள்ள மழைமானியின் பல வருடப் பதிவில் மிகுந்த ஒருநாள் மழையை ஆதாரமாகக் கொண்டு, மாதிரிகள் காட்டும் ஏற்றத்தை அதனோடு கூட்டிக் கொள்வதே முறை. ஐப்பசிக்கு முன் வாய்க்கால்களைத் தூர்வாருதலும், தாழ்ந்த வயல்களில் நீரில் மூழ்கினும் தாங்கவல்ல சி.ஆர். 1009 சப்-1 போன்ற நெல்லை நடுதலும் குடியானவர்களுக்கு நலம் பயக்கும்.