பிறப்புக்கு முன் பெற்றோராதல்: இங்கிலாந்தில் ஒருபாலின இணையரின் மகப்பேற்று ஆயத்தமும் சட்டமும்

முன்னுரை

குழந்தை ஒன்றை எதிர்நோக்கும் இல்லத்தில் ஆயத்தப் பணிகள் பல மாதங்களுக்கு முன்பே தொடங்கிவிடுகின்றன. தொட்டில் வாங்குதல், மருத்துவமனைக்கு எடுத்துச் செல்ல வேண்டியவற்றை அடுக்கி வைத்தல், பெயர் தேர்ந்தெடுத்தல், பணியிடத்தில் விடுப்புக்கு விண்ணப்பித்தல் முதலியன எல்லா இணையர்க்கும் பொதுவானவை. இரு பெண்களோ இரு ஆண்களோ சேர்ந்து குழந்தை ஒன்றை எதிர்நோக்கும்போது இவற்றோடு வேறோர் ஆயத்தமும் சேர்ந்துகொள்கிறது. பிறக்கவிருக்கும் குழந்தைக்குச் சட்டத்தின் முன் பெற்றோர் யாவர் என்னும் வினாவுக்கு விடை தேடுவதே அது.

இங்கிலாந்து, வேல்ஸ் ஆகியவற்றில் நடைமுறையில் உள்ள சட்டத்தை அடிப்படையாகக் கொண்டு, இவ்வினா எப்பொழுது எழுகிறது, எப்பொழுது தீர்கிறது என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது. அந்நாட்டுச் சட்டம் இதனைப் பிரிவு பிரிவாக வரையறுத்துள்ளது. அதன்மீது எழுந்த வழக்குகளின் தீர்ப்புகளும் யாவரும் படிக்கக் கிடைக்கின்றன. நம் வட்டாரச் சட்டமரபு ஆங்கிலச் சட்டத்தோடு வரலாற்றுத் தொடர்புடையது என்பதும் இத்தேர்வுக்கு ஒரு காரணமாகும்.

சொல்லும் பொருளும்

‘பெற்றோர்’ என்பது ‘பெறு’ என்னும் வினையடியாகப் பிறந்த சொல். தாய் தந்தை இருவரையும் ஒருசேரக் குறிக்கும் பன்மைப் பெயராகவே அது பெரிதும் வழங்குகிறது. அவ்விருவருள் ஒருவரை மட்டும் பால் சுட்டாமல் குறிக்க வேண்டின், ‘பெற்றவர்’ என்று கூறலாம்; ஆனால் அச்சொல் ஈன்றதையே அழுத்திக் காட்டுகிறது. ஆங்கிலத்தில் வழங்கும் ‘பேரன்ட்’ என்னும் சொல்லும் ஈனுதல் எனப் பொருள்படும் இலத்தீன் வினையிலிருந்து வந்ததேயாகும். காலப்போக்கில் அச்சொல் பொருள் விரிந்து, ஈனாதவரையும் குறிக்கும் சட்டச்சொல்லாக நிலைபெற்றுவிட்டது.

ஈன்றவரையும் வளர்ப்பவரையும் வேறுபடுத்திக் காணும் வழக்கம் தமிழுக்குப் புதியதன்று. அக இலக்கியம் நற்றாயையும் செவிலித்தாயையும் தனித்தனிக் கூற்றுக்குரியவர்களாக வைத்துள்ளது. எனினும் செவிலியின் உரிமை வழக்காலும் அன்பாலும் அமைவது. இன்றைய அரசு குழந்தையின் பெயர், குடியுரிமை, மருத்துவம், மரபுரிமை ஆகியவற்றை ஆவணங்களின்வழியே முடிவு செய்கிறது. ஆவணத்தில் இடம்பெறாத ஒருவர் எத்துணை அன்புடையவராயினும் சட்டத்தின் பார்வையில் அயலாராகவே நிற்க நேரிடும்.

2006ஆம் ஆண்டு பிரபுக்கள் அவை தீர்ப்பளித்த வழக்கொன்றில் நீதியரசர் ஹேல் பெருமாட்டி இச்சிக்கலைத் தெளிவுபடுத்தினார். பிரிந்துபோன இரு பெண்களுக்கிடையே பிள்ளைகளை வளர்க்கும் பொறுப்புக் குறித்து எழுந்த வழக்கு அது. மரபணுவால் பெற்றோராதல், கருவில் சுமந்து பெற்றோராதல், உடனிருந்து வளர்த்து உளத்தாலும் வாழ்வாலும் பெற்றோராதல் என மூவகையை அவர் பிரித்துக் காட்டினார. பெரும்பாலான குடும்பங்களில் இம்மூன்றும் தாயொருவரிடத்தே ஒன்றுசேர்ந்திருப்பதால் அவற்றிடையே உள்ள வேறுபாடு கண்ணுக்குப் புலப்படுவதில்லை. ஒருபாலின இணையரிடத்தே அவை பிரிந்து நிற்கின்றன.

சட்டத்தின் வளர்ச்சி

1990ஆம் ஆண்டின் மனிதக் கருவுறுதல், கருவியல் சட்டம் கருவைச் சுமந்தவரே தாய் என விதித்தது. ஈன்றவரின் துணைவியாக உள்ள பெண்ணுக்கு அச்சட்டத்தில் இடமில்லை. 2002ஆம் ஆண்டின் தத்தெடுப்புச் சட்டம் 2005 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தபின், அவர் குழந்தை பிறந்த பிறகு நீதிமன்றத்தை அணுகித் தத்தெடுக்கலாம் என்னும் நிலை உருவாயிற்று. கருவுற்ற நாள்தொட்டு உடனிருந்தவர், தம் இல்லத்திலேயே வளரும் குழந்தையைத் தத்தெடுக்க வேண்டியிருந்தது.

2008ஆம் ஆண்டின் சட்டம் இந்நிலையை மாற்றியது. அதன் பெற்றோர்நிலைப் பிரிவுகள் 2009 ஏப்ரல் 6 முதல் நடைமுறைக்கு வந்தன. கருவைச் சுமந்தவரே தாய், வேறெந்தப் பெண்ணும் தாயல்லர் என்னும் விதியை அச்சட்டமும் தக்கவைத்துக்கொண்டது. அதே வேளையில், தாயின் துணைவி இருவகை வழிகளில் ‘இரண்டாம் பெற்றோர்’ ஆகலாம் என அது வகுத்தது. முதல் வழி, சட்டம் ஏற்ற உறவு. சிகிச்சையின்போது இருவரும் பதிவுபெற்ற இணையராக இருந்தால், துணைவி அதற்கு இசையவில்லை என்று நிறுவப்பட்டாலன்றி, அவர் பெற்றோராகிறார். 2014இல் ஒருபாலினத் திருமணம் நடைமுறைக்கு வந்தபின் மணமுடித்தோர்க்கும் இது பொருந்துகிறது. இரண்டாம் வழி, எழுத்துவழி இசைவு. மணமுடிக்காதவர்கள் உரிமம் பெற்ற மருத்துவ நிலையத்தில் சிகிச்சை பெற்று, உரிய இசைவுப் படிவங்களில் இருவரும் கையொப்பமிட்டிருக்க வேண்டும்.

காலமே திறவுகோல்

இவ்விரு வழிகளிலும் கவனத்திற்குரியது காலம். சட்டம் நோக்குவது குழந்தை பிறந்த நாளையன்று. கருமுளையோ விந்தோ கருப்பையில் வைக்கப்பட்ட நாளையே அது நோக்குகிறது. அந்நாளில் இருவரும் மணமுடித்தவர்களாக இருந்தனரா, படிவங்களில் அதற்கு முன்பே கையொப்பமிட்டனரா என்பனவே வினாக்கள். கருவுற்று ஐந்தாம் மாதத்தில் மணமுடித்துக்கொள்வதால் இக்குறை தீராது.

ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம். மணமுடிக்காத இரு பெண்கள் நண்பர் ஒருவர் கொடுத்த விந்தைக் கொண்டு வீட்டிலேயே கருவுற முயன்று வெற்றி பெறுகின்றனர் எனக் கொள்வோம். துணைவி உரிமம் பெற்ற நிலையத்திற்குச் செல்லாததால் பெற்றோர்நிலை பெறுவதில்லை. விந்து கொடுத்த நண்பரே சட்டப்படி தந்தையாகக் கருதப்படலாம். அதே பெண்கள் முன்னரே மணமுடித்திருந்தால் துணைவியே இரண்டாம் பெற்றோர். குழந்தைக்குத் தந்தை என ஒருவரும் இல்லை. முயற்சியும் அன்பும் இரண்டிலும் ஒன்றே. ஒரு நாளின் முன்பின் வேறுபாடே குடும்பத்தின் வடிவை மாற்றிவிடுகிறது.

ஒருவரின் கருமுட்டையை மற்றவர் சுமக்கும் முறையும் இன்று வழக்கில் உள்ளது. ஆங்கும் சுமந்தவரே தாய். முட்டை தந்தவர் தம் மரபணுவைச் சுட்டிக்காட்டி மட்டும் பெற்றோராகிவிட இயலாது. மேற்கூறிய இரு வழிகளுள் ஒன்றையே அவரும் நாட வேண்டும்.

ஒரு படிவத்தின் எடை

எழுத்துவழி இசைவுக்கு உரியவை ‘டபிள்யூ.பி.’, ‘பி.பி.’ எனச் சுருக்கமாக வழங்கும் இரு படிவங்கள். முன்னது சிகிச்சை பெறும் பெண்ணுக்கும் பின்னது அவர்தம் துணைவருக்கும் உரியது. மணமுடிக்காத ஆண் பெண் இணையர் கொடைவிந்தைப் பயன்படுத்தும்போதும் இவையே வேண்டப்படுகின்றன.

2013ஆம் ஆண்டு நீதியரசர் காப் முன் வந்த, பெண் இணையர் தொடர்பான வழக்கொன்று, இப்படிவங்கள் முறையாகப் பெறப்படாமையின் விளைவை வெளிப்படுத்தியது. அதன்பின் கருவுறுதல் துறையின் ஒழுங்குமுறை ஆணையம் எல்லா நிலையங்களையும் தத்தம் ஆவணங்களைச் சரிபார்க்கப் பணித்தது. 51 நிலையங்களில், அஃதாவது 46 விழுக்காட்டில், பிழைகள் காணப்பட்டன. சில இடங்களில் படிவம் காணாமற் போயிருந்தது. சில இடங்களில் தவறாக நிரப்பப்பட்டிருந்தது.

தம்மைப் பெற்றோர் என்றே நம்பிப் பிள்ளையை வளர்த்து வந்தவர்கள், தாம் சட்டப்படி பெற்றோர் அல்லர் என்று ஒருநாள் மடல்வழி அறிய நேர்ந்தால் அவர்கள் நிலை என்னாகும்? 2015 செப்டம்பரில் குடும்ப நீதிமன்றப் பிரிவின் தலைவர் சர் ஜேம்ஸ் மன்பி இத்தகைய எட்டு வழக்குகளைச் சேர்த்து ஆராய்ந்தார். கையொப்பமிட்ட படிவம் பின்னர்த் தொலைந்தது எனச் சான்றுகளால் நிறுவ முடிந்தால் அது போதுமானது என்றும், நிலையத்தின் வேறு படிவங்களில் அதே இசைவு தெளிவாக அமைந்திருந்தால் அதனையும் ஏற்கலாம் என்றும் அவர் முடிவு செய்தார். நிலையங்களின் கவனக்குறைவையும் அவர் கடுமையாகக் கண்டித்தார். எழுத்தின் இறுக்கத்தை நீக்காமலேயே அதன் நோக்கத்தைக் காப்பாற்றிய தீர்ப்பு இது எனலாம்.

பிறந்த பின்னர்

குழந்தை பிறந்த 42 நாள்களுக்குள் பிறப்பைப் பதிவு செய்தல் வேண்டும். பெண் இணையரின் குழந்தைக்குரிய சான்றிதழில் ஈன்றவர் ‘தாய்’ எனவும் மற்றவர் ‘பெற்றோர்’ எனவும் குறிக்கப்படுகின்றனர். துணைவி எடுக்கும் இரு வார விடுப்பு இன்றும் ‘தந்தையர் விடுப்பு’ என்னும் பெயரிலேயே வழங்குகிறது. சலுகை விரிந்த அளவுக்குச் சொல் விரியவில்லை.

கொடையாளரின் இடமும் கருதத்தக்கது. 2005 ஏப்ரல் முதல் உரிமம் பெற்ற நிலையங்களில் புதிதாகப் பதிவு செய்துகொண்ட கொடையாளர்களின் அடையாளத்தை, அவர்தம் கொடையால் பிறந்தோர் 18 வயது நிறைந்ததும் கேட்டறியலாம். ஆகவே, பெற்றோர் யார் என்பதைச் சட்டம் வரையறுத்தபோதிலும், பிறப்பின் வரலாற்றைக் குழந்தையிடமிருந்து அது மறைக்கவில்லை. அவ்வரலாற்றை எவ்வாறு, எந்த வயதில் சொல்வது என்று முன்கூட்டியே எண்ணி வைப்பதும் இத்தகைய இல்லங்களின் ஆயத்தத்துள் அடங்கும்.

ஆண் இணையர்

ஆண் இணையர்க்குக் காலம் நேர்மாறாக இயங்குகிறது. சுமந்தவரே தாய் என்னும் விதியால், வாடகைத்தாயாக வருபவரே பிறப்பின்போது சட்டப்படி தாயாகிறார். அவர் மணமானவராக இருந்து கணவரும் இசைந்திருந்தால், அக்கணவரே மற்றொரு பெற்றோர். முன்கூட்டிச் செய்துகொண்ட உடன்படிக்கையை நீதிமன்றத்தின்வழி நிறைவேற்றவும் இயலாது. 2010 ஏப்ரல் முதல் ஒருபாலின இணையரும் ‘பெற்றோர் ஆணை’ வேண்டி விண்ணப்பிக்கலாம். ஆனால் ஈன்றவர் தரும் இசைவு, பிறந்து ஆறு வாரங்கள் கழிந்த பின்னரே செல்லும். அதுவரையில் குழந்தையைத் தோளில் சுமப்பவர்கள் சட்டத்தில் பெற்றோராக இல்லாதிருக்கலாம். ஈன்ற பெண்ணுக்கு மனம் மாறும் உரிமையைக் காப்பதே இவ்விதியின் நோக்கமாதலின் அதனை எளிதில் குறைகூறிவிட முடியாது. 2023 மார்ச்சில் சட்ட ஆணையங்கள், ஈன்றவரின் மறுப்புரிமையைக் காத்துக்கொண்டே பிறப்பு முதல் பெற்றோர்நிலை வழங்கும் புதிய வழியொன்றைப் பரிந்துரைத்தன.

சிங்கப்பூர்: ஓர் ஒப்பீடு

சிங்கப்பூரில் கருவுறுதல் சிகிச்சை மணமுடித்த ஆண் பெண் இணையர்க்கே உரியது. ஒருபாலின இணைவில் வாழ்ந்த சிங்கப்பூரர் ஒருவர், அமெரிக்காவில் வாடகைத்தாய்வழித் தமக்குப் பிறந்த மகனைத் தத்தெடுக்க விண்ணப்பித்தார். கீழ்நீதிமன்றம் 2017இல் மறுத்தது. 2018 டிசம்பர் 17 அன்று தலைமை நீதிபதி சுந்தரேஷ் மேனன் தலைமையிலான உயர்நீதிமன்ற அமர்வு அனுமதி வழங்கியது. ஒருபாலினக் குடும்பம் அமைவதை ஊக்குவிப்பதில்லை என்னும் பொதுக்கொள்கையை ஏற்றுக்கொண்டே, அக்குழந்தையின் நலனுக்கு முதன்மை தந்தது அத்தீர்ப்பு. பின்னர் 2022இல் இயற்றப்பட்ட தத்தெடுப்புச் சட்டம், நாட்டுச் சட்டம் ஏற்கும் திருமண இணையரே கூட்டாகத் தத்தெடுக்கலாம் என வரையறுத்தது. இரு நாடுகளின் கொள்கைகளும் வேறு. ஆனால் பிறந்துவிட்ட குழந்தை நீதிமன்றத்தின் முன் நிற்கும்போது எழும் வினா ஒன்றே.

முடிவுரை

ஒருபாலின இணையரின் மகப்பேற்று ஆயத்தத்தில் பெண் இணையர் கருவுறுமுன்னரே சட்டப்பணியை முடித்துவிட வேண்டும்; ஆண் இணையர் பிறந்த பின்னரும் அதற்காகக் காத்திருக்க வேண்டும். இரண்டிலும் ஒரு நாளும் ஒரு கையொப்பமும் குழந்தையின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கின்றன. இவ்விணைவுகள் குறித்து ஒருவர் எக்கருத்துக் கொண்டிருப்பினும், ஆவணப் பிழையின் சுமையைக் குழந்தை தாங்கலாகாது என்பதில் உடன்பாடு காண்பது அரிதன்று.

மகவைப் பெறுதலை வள்ளுவர் ‘மக்கட்பேறு’ எனத் தனி அதிகாரமாக வகுத்தார். ‘பேறு’ என்னும் சொல் ஈனுதலையும் குறிக்கும். கிடைத்தற்கரிய நன்மையையும் குறிக்கும். ‘பெற்றோர் அல்லது பாதுகாவலர் கையொப்பம்’ என்னும் வரியை மாணவர் படிவங்களில் நாள்தோறும் காணும் ஆசிரியர்கள், அவ்வரியை நிரப்பும் உரிமைக்காக ஒருவர் எவ்வளவு முன்கூட்டியே ஆயத்தம் செய்திருக்கக்கூடும் என்பதை எண்ணிப் பார்த்தல் தகும்.