விட்ட இடத்திலிருந்து தொடரும் எண்கள்

நோய் பரவும் விதத்தைக் கணினியில் உருவகப்படுத்தி ஆராய்வோர், யாருக்குத் தொற்று ஏற்படும் என்பதைச் சமவாய்ப்பு எண்களைக் கொண்டு முடிவு செய்வர். அத்தகைய நிரல் பல மணி நேரம் இயங்கக்கூடும். இடையில் மின்சாரம் தடைப்பட்டால், முதலிலிருந்து தொடங்குவது காலத்தை வீணாக்கும். புதிய எண்களைக் கொண்டு தொடர்ந்தாலோ, தடையின்றி இயங்கியிருந்தால் கிடைத்திருக்கும் முடிவு கிடைக்காது. பிறர் அதனைச் சரிபார்க்கவும் இயலாது.

கணினி தரும் சமவாய்ப்பு எண்கள் பெரும்பாலும் கணக்கிட்டுப் பெறப்படுபவையே. ஓர் எண்ணை 5ஆல் பெருக்கி, 3ஐக் கூட்டி, 16ஆல் வகுத்து, மீதியை எடுத்துக்கொள்வதாகக் கொள்வோம். 7இல் தொடங்கினால் 6, 1, 8, 11, 10 என எண்கள் வரும். இங்கு 8ஐக் குறித்து வைத்தால் போதும். அடுத்து 11 வருவது உறுதி. இவ்வாறு அடுத்த எண்ணைத் தீர்மானிக்கும் மதிப்பே 'நிலை' எனப்படும்.

பல மொழிகளில் இந்நிலை உள்ளே மறைந்திருந்து, ஒவ்வொரு முறையும் தானே மாறிவிடும். ஹாஸ்கெல் போன்ற செயற்கூறு சார்ந்த மொழிகளில் தூய செயற்கூறு ஒரு நிலையைப் பெற்று, ஓர் எண்ணையும் புதிய நிலையையும் இணையாகத் திருப்பித் தரும். பழைய நிலை மாறுவதில்லை. எனவே அதனைச் சேமித்தல் என்பது ஒரு மதிப்பை எழுதி வைத்தலே. மீட்டல் என்பது அம்மதிப்பைச் செயற்கூறுக்கு மீண்டும் அளித்தலே. ஆயினும், பழைய நிலையையே தவறுதலாக மறுபடியும் அளித்தால் அதே எண்ணே மீண்டும் வரும் என்பதை மறத்தலாகாது.

தொடக்க எண்ணையும், எத்தனை எண்கள் எடுக்கப்பட்டன என்பதையும் மட்டும் குறித்து வைப்பதும் ஒரு வழியே. ஆனால், ஒரு கோடி எண்கள் எடுக்கப்பட்டிருப்பின் அக்கணக்கீட்டை ஒரு கோடி முறை திரும்பச் செய்ய நேரிடலாம். நிலையையே சேமித்தால் அவ்வுழைப்புத் தேவையில்லை.

நிலையின் அளவும் கருதத்தக்கது. 1998இல் மட்சுமோட்டோ, நிஷிமுரா ஆகியோர் வெளியிட்ட மெர்சென் ட்விஸ்டர் முறையின் நிலை, 32 பிட் கொண்ட 624 எண்களால் ஆனது. அஃதாவது ஏறத்தாழ 2,500 பைட்டுகள். 2014இல் வெளிவந்த ஸ்பிளிட்மிக்ஸ் முறைக்கு 64 பிட் எண்கள் இரண்டே போதும். அவை 16 பைட்டுகளே. ஹாஸ்கெலின் 'ரேண்டம்' நூலகம் இன்று இம்முறையையே பயன்படுத்துகிறது.

நிலையைச் சேமிக்கும் அதே கணத்தில், அதுவரை பெற்ற கணக்கீட்டு முடிவுகளையும் சேர்த்தே சேமித்தல் வேண்டும். அவ்விரண்டும் பொருந்தியிருந்தால்தான், தடைப்பட்ட ஆய்வு தடைப்படாத ஆய்வின் முடிவையே தரும்.